குளியலறைச் செங்கல் சுவரில் மாடம் வெட்டுதல்

குன்னூரில் எங்கள் குளியலறையில் ஆணியடித்து மாட்டிய இரும்புத் தட்டுகள் மலையின் ஈரத்தில் ஓயாமல் துருப்பிடித்ததால், பழைய வீடுகளின் விளக்கு மாடத்தைப் போலச் சோப்புக்கும் ஷாம்புவுக்கும் சுவரிலேயே ஒரு மாடம் வெட்டினேன்.

முதலில் சுவரைத் தேர்ந்தெடுங்கள். அது 9 அங்குலச் சுவராகவும் இரண்டு அறைகளுக்கு நடுவில் உள்ளதாகவும் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் பெய்யும் நீலகிரியில் வெளிச்சுவரைப் பாதியாகக் குறைத்தால், மிச்சமிருக்கும் நாலரை அங்குலத்தின் வழியே ஈரம் உள்ளே இறங்கும். ஷவர் குழாயும் கீசர் வயரும் செல்லும் பாதையைத் தவிர்த்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பூச்சும் டைல்ஸும் இடத்தைக் குறைக்கும் என்பதால், 12 அங்குல அகல மாடத்துக்கு 14 அங்குலம் குறித்தேன். செங்கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பே, மேல்கோட்டில் ஒரு நீளக் காடி வெட்டி, இருபுறமும் மூன்று அங்குலம் சுவரில் உட்காரும்படி 20 அங்குலக் கடப்பைக் கல்லைச் சிமெண்ட் கலவையில் பதித்து, மூன்று நாள் விட்டுவிடுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகளில் இதைத் தவிர்த்தால் மேல்வரிசைக் கற்கள் சரியும்.

நான் இடறியது அடுத்த படியில். 9 அங்குலச் சுவரில் எல்லாச் செங்கல்லும் ஒரே திசையில் இருப்பதில்லை. ஒரு வரிசையில் கல் சுவரின் நீளவாட்டில் கிடக்கும், அடுத்த வரிசையில் சுவரின் முழுக் கனத்துக்கும் குறுக்காகக் கிடக்கும். முதல் வரிசைக் கல் சுலபமாகப் பெயர்ந்து வந்த துணிச்சலில் இரண்டாவது வரிசையையும் உளியால் நேராக அடித்தேன். கல் பின்னால் நகர்ந்து, படுக்கையறைப் பக்கத்துப் பூச்சு தட்டளவுக்கு உப்பி உதிர்ந்தது. குறுக்குக் கல்லை அடித்துத் தள்ளக் கூடாது. டிரில் முனையில் நாலரை அங்குலத்தில் டேப் ஒட்டி, அந்த ஆழத்துக்கு நெருக்கமாகத் துளைகள் இட்டு, உளியைச் சாய்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் சிறிது சிறிதாகச் செதுக்க வேண்டும். கல் வெட்டும் கிரைண்டரின் 4 அங்குல டிஸ்க் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் இறங்கும் என்பதால், ஓரத்தை வெட்டுவதும் செதுக்குவதுமாக மாறி மாறிச் செல்லுங்கள். சுவர் உடைக்கும் பெரிய மெஷினை வாடகைக்கு எடுக்க வேண்டாம். வேகம் கூடும், ஆனால் அதிர்வில் சுற்றியுள்ள டைல்ஸ் விட்டுவிடும். முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம்.

உள்ளே பூசும்போது அடித்தளத்துக்குக் குளியலறைப் பக்கமாகக் கால் அங்குலம் வாட்டம் கொடுங்கள். அடியில் டைல்ஸைவிட இணைப்பில்லாத ஒரே கிரானைட் துண்டுதான் நல்லது.

மூலைகளில் வலைத்துணி பதித்து, வாட்டர்புரூஃபிங் கலவையை முதலில் கிடையாகவும் பிறகு நெடுக்காகவும் இரண்டு முறை பூசுங்கள். டப்பாவில் அச்சிட்ட காயும் நேரம் மேட்டுப்பாளையத்துக்குப் பொருந்தலாம். மூடுபனி நாளில் என் முதல் பூச்சு மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டியது. ஒட்டாத வரை காத்திருந்து, அதன் பிறகே இரண்டாவது பூச்சையும் டைல்ஸையும் தொடுங்கள்.

பின்சேர்க்கை: கோத்தகிரி வாசகர் ஒருவர் தம் குளியலறைச் சுவர் நாலரை அங்குலமே என்று எழுதியிருக்கிறார். அதை வெட்ட வேண்டாம். மூலையில் முக்கோணக் கடப்பைக் கல் பலகை ஒன்றைப் பதித்துக்கொள்ளுங்கள்.