பாட்டு பண்ணக் கம்ப்யூட்டர் வாங்கும்போது செய்யக் கூடாதவை

ஆனி பிறந்துவிட்டால் என் ஃபோன் ஓயாது. ஆடியில் ஊருக்கு ஊர் மாரியம்மன் திருவிழா. பம்பையையும் உடுக்கையையும் வைத்து, அடியில் எலக்ட்ரானிக் பீட் போட்டு, திருவிழாவுக்குள் ஒரு அம்மன் பாட்டு வெளியிட்டுவிட வேண்டும் என்று பாலக்கோடு, அரூர், பென்னாகரம், காவேரிப்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். தருமபுரியில் சின்ன ரெக்கார்டிங் அறை வைத்திருக்கிறேன், அதனால் கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள். மெட்டு நன்றாக இருக்கிறது. பம்பைக்காரர் சொந்தத்திலேயே இருக்கிறார். தகராறு பண்ணுவது கம்ப்யூட்டர்தான். நாங்கள் தொடங்கிய காலத்தில் சொல்லித்தர ஆளில்லாமல் பணத்தை விட்டோம். அதே இடத்தில் இவர்களும் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ராம் 16 ஜிபி வேண்டும், எஸ்எஸ்டி வேண்டும் என்பதெல்லாம் இன்று எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

விண்டோஸா மேக்கா என்று ஆரம்பிப்பது

கேள்வியே இங்கிருந்து தொடங்கக் கூடாது. எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறீர்கள், யாரோடு சேர்ந்து செய்யப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. கம்ப்யூட்டர் அதற்குப் பின்னால் வரும்.

லாஜிக் ப்ரோ வேண்டுமென்றால் மேக் வாங்கியே ஆக வேண்டும். அதை உருவாக்கிய எமாஜிக் கம்பெனியை 2002-ல் ஆப்பிள் வாங்கியது, அத்தோடு விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. எஃப்எல் ஸ்டுடியோ இதற்கு நேர் எதிர். விண்டோஸில் பிறந்து வளர்ந்தது, மேக்கில் முறையாக ஓடத் தொடங்கியதே 2018-ல்தான். ஏபில்டன் லைவ், க்யூபேஸ், ரீப்பர் மூன்றும் இரண்டிலும் ஓடும்.

என் அறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் விண்டோஸில் எஃப்எல் வைத்திருப்பவர்கள். உங்களுக்கு பீட் போட்டுத் தரும் நண்பன் எஃப்எல்லில் இருக்கிறான், நீங்கள் மட்டும் யூடியூபில் யாரோ சொன்னார் என்று லாஜிக்குக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். அவன் அனுப்பும் ப்ராஜெக்ட் ஃபைல் உங்களிடம் திறக்காது. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் ஃபைலாக எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். அப்படியும் வேலை நடக்கும், தொழில்முறை ஸ்டுடியோக்களிலும் அதுதான் பழக்கம். ஆனால் இரவு பதினோரு மணிக்கு "அந்த ஹை-ஹேட்டை மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுடா" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் சுகம் போய்விடும். கற்றுக்கொள்ளும் காலத்தில் பக்கத்தில் ஆள் இருப்பது பெரிய பலம். உங்கள் ஆட்கள் எதில் இருக்கிறார்களோ அதிலேயே தொடங்குங்கள்.

பாட்டு பண்ண கேமிங் லேப்டாப் வாங்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். அந்த வருஷம் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்தது, அப்பா கையில் கொஞ்சம் பணம் நின்றது. அதை முன்பணமாகக் கட்டி, மீதிக்குத் தவணை போட்டு, ஒரு கேமிங் லேப்டாப் வாங்கியிருந்தான். கீபோர்டில் கலர் கலராக விளக்கு எரிகிறது. பெரிய கிராபிக்ஸ் கார்டு. கடைக்காரர் "மியூசிக் எல்லாம் ஹெவி வேலை தம்பி, இதுதான் தாங்கும்" என்றாராம். வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணா, லேப்டாப் புதுசு. ஆனா பாட்டு விக்கிக்கிட்டே வருது."

போட்டுக் காட்டினான். நான்கே டிராக். நடுநடுவே டப், டப் என்று வெடிக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ப்ராசஸர் இருபது சதவீதம்கூட வேலை செய்யவில்லை. எஃப்எல்லில்தான் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை அழித்துப் போட்டிருக்கிறான். விண்டோஸையே மாற்றிப் போட்டிருக்கிறான். கடைசியில் "மேக்குக்கு மாறிடலாமாண்ணா" என்கிறான். தவணை இன்னும் பாதிகூட முடியவில்லை.

இங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இது தெரியாமல்தான் பணம் போகிறது. 44,100 என்ற அளவில் பதிவு செய்தால் ஒரு வினாடி ஒலிக்கு 44,100 துண்டுகள். கம்ப்யூட்டர் அவற்றைக் கட்டுக்கட்டாகக் கணக்குப் போட்டு வெளியே அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். பஃபர் 256 என்றால் சுமார் 5.8 மில்லி வினாடிக்கு ஒரு கட்டு தயாராகிவிட வேண்டும். ஒரே ஒரு கட்டு நேரத்துக்கு வராவிட்டால் அந்த இடத்தில் சத்தம் அறுந்து டப் என்று கேட்கும். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அண்டா அண்டாவாகச் சோறு வெந்திருக்கலாம், ஆனால் உங்கள் இலைக்குப் பரிமாறுகிறவர் வழியில் மாட்டிக்கொண்டால் நீங்கள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். ப்ராசஸர் வேகம் வெந்த சோறு. நமக்கு வேண்டியது நேரத்துக்குப் பரிமாறுவது.

அந்தப் பரிமாறலை மறிப்பவை டிரைவர்கள், அதாவது ஒவ்வொரு கருவியையும் விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருள்கள். வைஃபை டிரைவர், கிராபிக்ஸ் டிரைவர், பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் டிரைவர், இவற்றில் ஏதாவது ஒன்று சில மில்லி வினாடி ப்ராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். கேம் ஆடும்போது இது கண்ணுக்கே தெரியாது. பாட்டில் காதைக் கிழிக்கும். கேமிங் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ், விளக்குக்கு ஒரு மென்பொருள், ஃபேனுக்கு ஒரு மென்பொருள் என்று பின்னால் ஓடுவது அதிகம், மறிப்பதற்கு ஆட்களும் அதிகம். இதில் வேதனை என்னவென்றால், அவன் கூடுதல் காசு கொடுத்தது கிராபிக்ஸ் கார்டுக்கு. எஃப்எல்லும் ரீப்பரும் ஒலியைக் கணக்குப் போட அந்தக் கார்டைத் தொடுவதே இல்லை.

லேட்டன்சிமான் என்று விண்டோஸுக்கு ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. எந்த டிரைவர் எவ்வளவு நேரம் மறிக்கிறது என்று பெயரோடு காட்டும். தம்பியின் லேப்டாப்பில் ஓடவிட்டதும் பட்டியலில் முதலிடத்தில் நின்றது வைஃபை, அடுத்தது கிராபிக்ஸ். வைஃபையை அணைத்தோம். பவர் செட்டிங்கை முழு வேகத்தில் வைத்தோம். விளக்கு மென்பொருளை நீக்கினோம். முக்கால்வாசி வெடிப்பு அங்கேயே நின்றது. விண்டோஸில் யார் பாட்டு பண்ணினாலும், புது மென்பொருள் எதையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பழைய லேப்டாப்பை நேரில் பார்த்து வாங்குபவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே ஓடவிட்டுப் பார்க்கலாம். நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார்.

மீதி இருந்த கோளாறுக்குக் காரணம், அவனிடம் சவுண்ட் கார்டு இல்லை. எல்லாப் பணத்தையும் லேப்டாப்பில் போட்டுவிட்டு, மைக்கை நேராக ஹெட்போன் ஓட்டையில் செருகியிருந்தான். விண்டோஸில் ஒலி தாமதமில்லாமல் போய்வர ஆசியோ டிரைவர் வேண்டும். 1997-ல் ஸ்டைன்பெர்க் கொண்டுவந்த முறை அது. யுஎஸ்பியில் மாட்டும் வெளி சவுண்ட் கார்டு வாங்கினால் அதற்கென்றே எழுதிய ஆசியோ டிரைவர் வரும். ஆசியோ ஃபார் ஆல் என்று இலவசமாகக் கிடைப்பது அவசரத்துக்கு உதவும், ஆனால் அது விண்டோஸின் சொந்த டிரைவர் மேல் போர்த்திய ஒரு போர்வைதான். மேக்கில் இந்தத் தலைவலி குறைவு. கோர் ஆடியோ என்ற ஒலி அமைப்பு சிஸ்டத்திலேயே இருப்பதால் பல சவுண்ட் கார்டுகள் செருகியதும் வேலை செய்யும்.

சவுண்ட் கார்டு இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? வெடிப்பை நிறுத்த பஃபரை 1024-க்கு ஏற்றுகிறார்கள். அப்போது போகும் வழிக்கு மட்டும் 23 மில்லி வினாடி, வரும் வழிக்கு இன்னொரு 23. பம்பைக்காரர் அடித்த அடி அவர் காதுக்கே பிந்தி வருகிறது. நாற்பது வருஷம் கோயிலில் வாசித்த மனிதர், வேகம் ஏறும் இடத்தில் தடுமாறுகிறார். "பெரியவருக்கு க்ளிக்குக்கு வாசிக்க வரலைண்ணா" என்று, ஹெட்போனில் தாளம் காட்டும் டிக் டிக் சத்தத்தோடு அவர் சேரவில்லை என்று, என்னிடம் குறை சொல்கிறார்கள்! அவர் கையில் ஒரு குறையும் இல்லை. சவுண்ட் கார்டில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் மைக்கின் சத்தம் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். குரலுக்கும் பம்பைக்கும் அது போதும். கீபோர்டை மாட்டி, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்த் (மின்னணு வாத்தியம்) வாசிக்க அது உதவாது, அங்கே பஃபரைக் குறைத்தே ஆக வேண்டும், அதற்கு நல்ல டிரைவர் வேண்டும்.

இன்னொன்று, ஃபேன் சத்தம். பத்துக்குப் பத்து அறையில், நான்கடி தூரத்தில் மைக் வைத்துப் பாடும்போது கேமிங் லேப்டாப்பின் ஃபேன் ஏறினால் ஒவ்வொரு வரியிலும் அது உட்கார்ந்திருக்கும். அதைப் பின்னால் துடைக்கப் போனால் குரலும் சேர்ந்து தேயும்.

ஆகவே பட்ஜெட்டை ஒரே பெட்டியில் கொட்டாதீர்கள். ஆபீஸ் வேலைக்கு விற்கும் சாதாரணமான, ஃபேன் சத்தம் குறைந்த லேப்டாப் போதும். வீட்டிலேயே வேலை என்றால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இன்னும் நல்லது, ராமும் டிஸ்கும் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். மிஞ்சும் காசில் சவுண்ட் கார்டு, ஒரு மைக், ஒரு ஹெட்போன். ப்ராசஸர் பார்க்கும்போது எத்தனை கோர் (உள்ளே கணக்குப் போடும் பகுதி) என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்று பாருங்கள். ஒரு டிராக்கில் வரிசையாக அடுக்கிய ப்ளக்இன்கள் (எஃபெக்டுக்கும் வாத்தியத்துக்கும் சேர்க்கும் துணை மென்பொருள்கள்) ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும், பத்து கோர் இருந்தாலும் அந்த வரிசையைப் பிரித்துக் கொடுக்க வழியில்லை.

பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய மேக் வாங்குவது

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பெங்களூர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு பக்கம். ஐடி கம்பெனிகள் கழித்துப் போட்ட மேக்புக்குகள் அங்கே நல்ல விலைக்குக் கிடைக்கும். நல்லதும் கிடைக்கும், கெட்டதும் கிடைக்கும்.

இன்டெல் ப்ராசஸர் உள்ள மேக்கை இனி வாங்காதீர்கள். 2025-ல் வந்த டஹோ என்ற மேக் சிஸ்டம்தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசி என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. புது லாஜிக் புது சிஸ்டம் கேட்கும், ப்ளக்இன்களும் அதன் பின்னாலேயே போய்விடும். 2020 நவம்பரில் வந்த எம்1 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் சரி. ஏர் மாடலில் ஃபேனே இல்லை, ரெக்கார்டிங் அறைக்கு அது வரம். ஆனால் ராமைப் பின்னால் கூட்ட முடியாது. 8 ஜிபி வாங்கினால் ஆயுசுக்கும் 8 ஜிபிதான்.

காசு கொடுப்பதற்கு முன் மெஷினை முழுக்க அழிக்கச் சொல்லி, இன்டர்நெட் இணைத்து, முதலிலிருந்து செட்டப் செய்து பாருங்கள். பழைய ஓனரின் பாஸ்வேர்டு கேட்டாலோ, இது இன்ன கம்பெனி நிர்வகிக்கும் மெஷின் என்று திரை வந்தாலோ, எவ்வளவு விலை குறைத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

விலை குறைந்த பதிப்பு

எஃப்எல் ஸ்டுடியோவில் ஃப்ரூட்டி என்பது அடிமட்டப் பதிப்பு. அதில் பீட் போடலாம், குரலைப் பதிவு செய்ய முடியாது. அதற்குப் ப்ரொட்யூசர் பதிப்பு வேண்டும். வாங்கிய பிறகு இதைக் கேட்டு முகம் வாடியவர்கள் பலர். ட்ரையலில் சேமிக்கலாம், ஆனால் காசு கட்டும்வரை சேமித்ததைத் திரும்பத் திறக்க முடியாது. ஒருமுறை வாங்கிவிட்டால் ஆயுள் முழுக்க அப்டேட் இலவசம், அதனால் பொறுத்திருந்து சரியான பதிப்பை வாங்குவது நட்டமில்லை.

கிராக் (பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு)

வேண்டாம். ரீப்பர் 60 நாள் எந்தப் பூட்டும் இல்லாமல் ஓடும், சிறு உரிமத்தின் விலை 60 டாலர்.

லினக்ஸ் இலவசம்தானே?

ஆர்டர் (Ardour), ரீப்பர், பிட்விக் ஆகிய பாட்டு மென்பொருள்கள் எல்லாம் லினக்ஸில் நன்றாக ஓடும். எஃப்எல்லும் ஏபில்டனும் லினக்ஸுக்கு வரவில்லை. காசு கொடுத்து வாங்கும் ப்ளக்இன்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான். சிஸ்டத்தைக் கழற்றி மாட்டுவதில் உங்களுக்கு ஆசை இருந்தால் தாராளமாக வாருங்கள். ஆடிக்குள் பாட்டு முடிக்க வேண்டியவர்கள் வர வேண்டாம்.

பாதிப் பாட்டில் சிஸ்டம் அப்டேட்

பாட்டு முடிந்த பிறகு.

ப்ளூடூத் ஹெட்போன் வைத்து வாசிப்பது

கூடாது. வயர்தான்.

எர்த் இல்லாத ப்ளக் பாயிண்ட்

சார்ஜர் மாட்டினால் ஸ்பீக்கரில் ங்ங்ங் என்று இரைகிறது, கழற்றினால் நின்றுவிடுகிறது. உடனே லேப்டாப்பை மாற்றவோ சவுண்ட் கார்டைத் திருப்பிக் கொடுக்கவோ ஓடுகிறார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் கம்பியே இருக்காது. இல்லையென்றால் கம்பி இருக்கும், அது மண்ணில் இறங்கும் எர்த் குழி காய்ந்து கிடக்கும். சத்தத்தை நிறுத்த எர்த் பின்னை வெட்டிவிடும் வேலை மட்டும் வேண்டாம், மைக்கைத் தொட்டுப் பாடுகிறவருக்கு உயிராபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ப்ளக் பாயிண்டையும் குழியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருந்தும் இரைந்தால், சவுண்ட் கார்டிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரை பேலன்ஸ்டு ஒயராக மாற்றுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். தருமபுரி மண் காய்ந்த மண். பங்குனி, சித்திரையில் எர்த் குழிக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.