ஓடிபி எஸ்எம்எஸ்ஸை நம்பி இருக்காதீர்கள்
ஜிமெயிலின் இரண்டு கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்குப் பிறகு ஒருமுறை எண்ணையும் கேட்பது) எஸ்எம்எஸ்ஸிலிருந்து ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிவிடுங்கள், பட்டியலில் இருக்கும் கைபேசி எண்ணையும் நீக்கிவிடுங்கள். செயலி 30 வினாடிக்கு ஒருமுறை புது 6 இலக்க எண்ணைக் கைபேசிக்குள்ளேயே, பதிந்துவைத்த ரகசியக் குறியீட்டையும் நேரத்தையும் வைத்துக் கணக்கிடுகிறது, அதனால் ஜொகூர் போனாலும் சென்னையில் சிம் மாற்றினாலும் வேலை செய்யும், உங்கள் கைபேசி எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்ட திருடனுக்கோ ஒன்றும் போகாது. அப்புறம், கைபேசி கையில் இல்லாதபோது உள்ளே நுழைய கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள் (கைபேசியிலேயே படம் எடுத்து வைப்பவர்கள் உண்டு, தொலைந்தால் அதுவும் சேர்ந்தே போகும்!). சிங்கப்பூர் அரசின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸுக்கு இது பொருந்தாது, அதற்குச் சொந்தச் செயலி இருக்கிறது. போலித் தளத்தில் நீங்களே அந்த 6 இலக்க எண்ணைத் தட்டிக் கொடுத்தால் ஆத்தென்டிகேட்டரும் காப்பாற்றாது.