வம்சாவளி தேடுகிறவர்கள் முதலில் உட்கார வேண்டிய இடம் அப்பத்தா பக்கம்

எங்களுக்குச் சிவகங்கைப் பக்கம் கிராமம். வம்சாவளி எழுதணும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது, தாலுகா ஆபீசுக்கு அப்புறம் போய்க்கலாம், முதலில் வீட்டிலுள்ள வயதான பெண்களிடம் உட்காருங்கள். ஆம்பளைகள் பேர் பத்திரத்தில் கிடைத்துவிடும். யார் எந்த ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்தார்கள் என்பது அப்பத்தாவுக்கும் அயித்தைமாருக்கும்தான் தெரியும். "உங்க தாத்தா பேரென்ன?" என்றால் ஒரு பேரோடு முடிந்துவிடும். "உங்க கல்யாணத்துக்கு யார் யார் சீர் கொண்டு வந்தாக?" என்று கேளுங்கள். தாய்மாமன், பங்காளி, சம்பந்தி எல்லாரும் ஊர்ப் பேரோடு வருவார்கள். போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய மொய் நோட்டு இருந்தால் விடாதீர்கள். ஊர், பேர், தொகை என்று வரி வரியாக இருக்கும். எந்தெந்த ஊரில் சொந்தம் என்பது அதிலேயே தெரியும். குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டில் பங்காளிகள் அத்தனை பேரும் கிடைப்பார்கள். மாசிச் சிவராத்திரிக்குப் போனால் நோட்டையும் பார்க்கலாம், ஆட்களையும் பார்க்கலாம்.

பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பதால் ஒரே பேர் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொருவருக்கும் அப்பா பேரையும் மனைவி பேரையும் சேர்த்தே எழுதுங்கள். தமிழ் வருஷப் பேரும் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்; தாது வருஷம் என்றால் 1876-ஆ, 1936-ஆ என்பதைத் தலைமுறையை வைத்துத்தான் தீர்மானிக்கணும்.

ஆவணங்களில் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் உயர்ந்தது. "இன்னார் குமாரர் இன்னார்" என்று அண்ணன் தம்பி எல்லாரையும் எழுதியிருப்பார்கள். ஒரே பத்திரத்தில் மூன்று தலைமுறை கிடைப்பதும் உண்டு. ஆனால் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு கொடுத்த 1989 சட்டத் திருத்தத்துக்கு முந்தையவற்றில் மகள்கள் பேர் பெரும்பாலும் இருக்காது. அவர்களை விடுதலைப் பத்திரத்தில் தேடுங்கள். சொத்துரிமையை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைத்த இடத்தில் புருஷன் பேர், ஊர் எல்லாம் இருக்கும். எனக்கு மனசு கனத்துப்போகும் பக்கங்கள் அவை.

இப்போதைய பட்டா பெரும்பாலும் 1979-87-இல் நடந்த யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) வழியாக வந்தது. அதற்கு முந்தைய பேருக்குப் பழைய சர்வே நம்பரைப் பிடித்து, நிலவரி நிர்ணயித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டைப் பார்க்கணும். ஊர் நிலக் கணக்கு எழுதிய பரம்பரைக் கர்ணம் முறை 1980-இல் ஒழிந்தது. அந்தக் குடும்பங்களிலும் விசாரியுங்கள்.

நிலமே இல்லாத குடும்பம் என்றால் பட்டாவில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி சிலோனிலிருந்து திரும்பியவர்கள் என்றால், அப்போது கொடுத்த பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறதென்று முதலில் கேளுங்கள்.