பழைய மசில் காருக்குக் கேம்ஷாஃப்ட் தேர்வு: சத்தத்தை விட்டுக் கணக்கைப் பாருங்கள்

பழைய அமெரிக்க வி8 எஞ்சினைக் கட்டும்போது, சிக்னலில் நிற்கையில் கேட்கும் அந்தக் குலுங்கல் சத்தத்துக்காகவே பெரிய கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்) வாங்குகிறவர்கள் ஏராளம். அந்தச் சத்தத்துக்குக் காரணம் ஓவர்லாப். எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிடுவதால் எரிந்த வாயு புதுக் கலவையோடு கலக்கிறது, எரிதல் தடுமாறுகிறது. அதே தடுமாற்றம்தான் 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவையையும் குறைக்கிறது. சாலையில் ஓடும் வண்டி பெரும்பாலான நேரம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

எனவே கேட்டலாக்கைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எஞ்சின் கொள்ளளவு, உண்மையான கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது), சிலிண்டர் ஹெட் எது, பின் ஆக்சில் கியர் விகிதம், டயர் உயரம், கியர்பாக்ஸ் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா, ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வெர்ட்டரின் ஸ்டால் (வண்டி நிற்கையில் எஞ்சினை அது எத்தனை ஆர்பிஎம் வரை ஏறவிடும்), பவர் பிரேக் உண்டா, வண்டியின் எடை.

இவற்றில் அதிகம் ஏமாற்றுவது கம்ப்ரஷன். 1970 வரை வந்த உயர்ரக எஞ்சின்களில் 10:1, 11:1 எல்லாம் சாதாரணம். ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1971 மாடல்களில் அதை இறக்கிவிட்டது. அதற்குப் பிந்தைய 350 கன அங்குல எஞ்சின் பலவற்றில் 8.5:1தான் இருக்கும். மறுபடி கட்டிய எஞ்சின் என்றால் இன்னும் கவனம் தேவை. மறுகட்டுமானத்துக்கென வரும் பிஸ்டன்கள் சில 0.020 அங்குலம் குட்டையாக இருக்கும். ஃபேக்டரி போட்ட மெல்லிய ஸ்டீல் கேஸ்கெட்டுக்குப் பதிலாக 0.040 அங்குல கேஸ்கெட் உட்கார்ந்திருக்கும். ஏர் கிளீனர் ஸ்டிக்கரை நம்பாமல், எரியறையின் கொள்ளளவையும் பிஸ்டன் டெக்கிலிருந்து (பிளாக்கின் மேல்தளம்) எவ்வளவு கீழே நிற்கிறது என்பதையும் அளந்து கணக்கிடுங்கள்.

டியூரேஷனை எப்படிப் படிப்பது

விளம்பரத்தில் போடும் டியூரேஷனை (வால்வு திறந்திருக்கும் காலம், கிராங்க் சுழற்சியின் டிகிரியில்) ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வோர் உயரத்தில் அளக்கிறார்கள். அதனால் 280 டிகிரி என்ற இரண்டு கேம்கள் இரண்டு விதமாக நடந்துகொள்ளலாம். ஒப்பிடுவதற்கு லிஃப்டர் (கேம் தள்ளும்போது மேலே எழும் உறுப்பு) 0.050 அங்குலம் எழும்போது அளந்த டியூரேஷனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

350 கன அங்குல அளவுள்ள எஞ்சினுக்கு ஒரு தோராயம் சொல்லலாம். 210 முதல் 220 டிகிரி வரை ஸ்டாக் கன்வெர்ட்டர், 3.08 அல்லது 3.42 கியர், பவர் பிரேக் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். 220க்கு மேல் போனால் 9.5:1 கம்ப்ரஷனும், 3.55 கியரும், 2,400 ஆர்பிஎம் ஸ்டாலும் கேட்கும். 230ஐத் தாண்டினால் 10:1, 3.73 கியர், 2,800க்கு மேல் ஸ்டால். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வண்டி சோம்பும். கொள்ளளவு கூடக்கூட எஞ்சின் பெரிய கேமை விழுங்கிவிடும்: 302இல் முரட்டுத்தனமாகத் தெரிகிற கேம் 455இல் சாதுவாக இருக்கும்.

செவ்ரோலெட் எல்79 கேமைப் பாருங்கள். 0.050இல் 222 டிகிரி, 0.447 அங்குல லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்), 114 டிகிரி லோப் செப்பரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களின், அதாவது கேமின் மேடுகளின், உச்சிகளுக்கு இடையிலான கோணம்). நல்ல பெயரெடுத்த கேம்தான். ஆனால் அது பிறந்தது 11:1 கம்ப்ரஷன் கொண்ட 327 எஞ்சினில். அதையே 8.5:1 எஞ்சினில் போட்டால் அந்தப் பெயருக்கு ஏற்ற வேகம் வராது.

இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது

தேர்வில் மிக முக்கியமான எண் இதுதான், பலர் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். பிஸ்டன் அடிமுனையைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு திறந்தே இருக்கும். அது மூடும் வரை கம்ப்ரஷன் தொடங்குவதில்லை. பெரிய கேம் தாமதமாக மூடும், மெதுவான ஓட்டத்தில் கலவை வந்த வழியே திரும்பிப் போகும்.

கணக்கு எளிது. விளம்பரத்தில் போட்ட இன்டேக் டியூரேஷனில் (இங்கே 0.050 அளவு அல்ல) பாதியோடு இன்டேக் சென்டர்லைனைக் (உச்சிப்புள்ளிக்குப் பின் எத்தனை டிகிரியில் இன்டேக் லோப் உச்சத்துக்கு வருகிறது) கூட்டி 180ஐக் கழியுங்கள். 268 டிகிரி கேம், சென்டர்லைன் 106 என்றால் 134 + 106 − 180 = அடிமுனைக்குப் பின் 60 டிகிரி. 292 டிகிரி கேம், சென்டர்லைன் 104 என்றால் 70 டிகிரி.

3.48 அங்குல ஸ்ட்ரோக், 5.7 அங்குல கனெக்டிங் ராடு உள்ள 350 எஞ்சினில் இது என்ன செய்கிறது? 9:1 எஞ்சினில் 60 டிகிரியில் மூடினால் உண்மையில் கிடைக்கும் கம்ப்ரஷன் சுமார் 7.5. 70 டிகிரியில் மூடினால் 6.9. எஞ்சினே 8.2:1 என்றால் 292 கேமோடு 6.3தான் மிஞ்சும். காலை வைத்ததும் வண்டி இழுக்காததற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். இரும்பு ஹெட்டும் பிரீமியம் பெட்ரோலும் என்றால் 7.5க்கும் 8.2க்கும் இடையில் நிற்கும் கேமைத் தேடுங்கள். 10:1 எஞ்சினில் 60 டிகிரி கேம் 8.3 கொடுக்கும். அங்கே சின்னக் கேம் போட்டால் எஞ்சின் ‘நாக்’ அடிக்கும் (கலவை தானாக வெடிக்கும்).

ஓவர்லாப்பும் பிரேக்கும்

விளம்பரத்தில் போட்ட இன்டேக், எக்ஸாஸ்ட் டியூரேஷன்களைக் கூட்டி நான்கால் வகுத்து, லோப் செப்பரேஷனைக் கழித்து, இரண்டால் பெருக்கினால் ஓவர்லாப். 268/268, 110 என்றால் 48 டிகிரி. 292/292, 108 என்றால் 76. பிரேக் பூஸ்டருக்கு ஐட்லிங்கில் ஏறத்தாழ 16 அங்குல (பாதரச அளவில்) வேக்யூம் வேண்டும். 76 டிகிரி ஓவர்லாப்பில் அது கிடைக்காது. பவர் பிரேக் உள்ள வண்டிக்கு 110 முதல் 114 வரை செப்பரேஷன் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் மிதி கல்லாக இறுகுவது உயிர் போகும் விஷயம், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

லிஃப்ட்டும் ஸ்பிரிங்கும்

பழைய ஸ்மால் பிளாக் செவி ஹெட்கள் வேலை எதுவும் செய்யாமல் சுமார் 0.460 அங்குல லிஃப்ட் வரை தாங்கும். அதற்கு மேல் ஸ்பிரிங் ரிடெய்னர் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் மேல் தட்டு) வால்வு கைடின் சீலில் இடிக்கத் தொடங்கும். முழு லிஃப்ட்டில் ரிடெய்னருக்கும் சீலுக்கும் 0.060 அங்குலமாவது இடைவெளி விடுங்கள். ஸ்பிரிங் முழுதாக நசுங்குவதற்கு முன்பும் அதே அளவு வேண்டும். 1.5 ராக்கரோடு (லிஃப்டரின் அசைவை 1.5 மடங்காக்கி வால்வைத் தள்ளும் கை) 0.454 தரும் கேம் 1.6 ராக்கரோடு 0.484 தரும் என்பதையும் மறக்காதீர்கள்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளியை அளக்காமல் ஹெட்டை இறுக்காதீர்கள். இன்டேக் பக்கம் 0.080, எக்ஸாஸ்ட் பக்கம் 0.100 அங்குலம் குறைந்தபட்சம். மிக நெருங்குவது உச்சிப்புள்ளியில் அல்ல, அதற்கு முன்னும் பின்னும் 10 டிகிரி அருகில். ஹைட்ராலிக் லிஃப்டர் நசுங்கித் தவறான அளவு காட்டும் என்பதால் மெல்லிய சோதனை ஸ்பிரிங் போட்டு அளப்பது நல்லது.

ஃபிளாட் டாப்பெட்டா, ரோலரா

ஃபிளாட் டாப்பெட் (உருளை இல்லாமல் லோப்பில் நேராக உரசும் லிஃப்டர்) கேமின் லோப் சற்றே சரிவாகவும் லிஃப்டரின் அடி சற்றே குவிந்தும் இருக்கும். அதனால்தான் லிஃப்டர் சுழல்கிறது. சுழலாத லிஃப்டர் சில நிமிடங்களில் லோப்பைச் சுரண்டித் தள்ளிவிடும், அந்த இரும்புத் தூள் பேரிங் வரை போகும். புதுக் கேமுக்குப் புது லிஃப்டர் கட்டாயம். லோப்களிலும் லிஃப்டர் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். துத்தநாகம் 1,200 பிபிஎம் அளவுக்காவது உள்ள எண்ணெய் ஊற்றுங்கள். இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றி வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு ட்ரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி அழுத்தம் ஏற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் பிடித்ததும் ஐட்லிங்கில் விடாமல் 2,000க்கும் 2,500க்கும் இடையே ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் ஓட்டுங்கள். லோப்புக்கு எண்ணெய் கிடைப்பது கிராங்க் தெறிப்பதால்தான், மெதுவாகச் சுற்றினால் அது போதாது.

செலவு முடியுமென்றால் ஹைட்ராலிக் ரோலரே (அடியில் உருளை உள்ள லிஃப்டர்) மேல். இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம், லோப் தேயும் பயமும் குறைவு. ஆனால் பழைய பிளாக்கில் இணைப்புப் பட்டை கொண்ட லிஃப்டர், புது நீளத்தில் புஷ்ராடு, வலுவான ஸ்பிரிங் எல்லாம் மாற வேண்டும். ஸ்மால் பிளாக் செவியில் கேம் முன்னால் நகராமலிருக்க கேம் பட்டன் போட வேண்டும். ஸ்டீல் பில்லட் கேம் என்றால் சாதாரண டிஸ்ட்ரிபியூட்டர் கியர் அரைபட்டுவிடும், பொருத்தமான கியரைத் தயாரிப்பாளரிடமே கேளுங்கள். ஃபோர்டு 302இல் பழைய கேமின் எரிவரிசை 1-5-4-2-6-3-7-8. 5.0 எச்.ஓ. (அதே எஞ்சினின் அதிகத் திறன் வகை) கேமின் வரிசை 1-3-7-2-6-5-4-8. ஸ்பார்க் பிளக் வயர்களை மாற்றாமல் ஸ்டார்ட் செய்தால் கார்புரேட்டர் வழியே வெடிக்கும்.

பொருத்திய பின்

டைமிங் செயின் கியர்களின் குறிகளைப் புள்ளிக்குப் புள்ளி வைத்தால் போதும் என்று விடாதீர்கள். டிகிரி வீலும் டயல் கேஜும் வைத்து, லிஃப்டர் உச்சத்துக்கு முன் 0.050இலும் பின் 0.050இலும் படித்து நடுவை எடுங்கள். அது கேம் கார்டில் உள்ள சென்டர்லைனிலிருந்து இரண்டு டிகிரிக்கு மேல் விலகினால் செயின் செட்டின் கீவேயை மாற்றிச் சரிசெய்யுங்கள்.

கடைசியாக ஐட்லிங். எஞ்சின் நின்றுபோகிறதென்று கார்புரேட்டர் திராட்டிலைத் திறந்துகொண்டே போனால் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட் (திராட்டில் தட்டருகே பெட்ரோல் வரும் பிளவு) வெளியே தெரியும், மிக்ஸ்சர் திருகைத் திருப்பினாலும் எஞ்சின் கேட்காது. முதலில் இக்னிஷன் டைமிங்கை ஐட்லிங்கில் 14 முதல் 16 டிகிரிக்கு ஏற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் மெக்கானிக்கல் அட்வான்ஸைக் (வேகம் கூடும்போது டைமிங்கை முன்னேற்றும் அமைப்பு) குறைத்து மொத்தம் 34–36 டிகிரியைத் தாண்டாமல் வையுங்கள். ஆர்பிஎம் தானாக ஏறும். பிறகு திராட்டிலை மூடி, மிக்ஸ்சரைச் சரிசெய்யுங்கள்.