முகத்துக்கு மூன்றே பொருள்: சருமப் பராமரிப்பைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

முகத்துக்கு என்ன வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் டோனர், எசன்ஸ், சீரம், ஷீட் மாஸ்க் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எல்லாம் இருந்தால்தான் சருமம் நன்றாக இருக்கும் என்ற எண்ணமும் வந்துவிடும். உண்மையில் தேவை மூன்றுதான்: ஒரு ஃபேஸ் வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு சன்ஸ்கிரீன். பலருக்கு எப்போதுமே இது போதும்.

சருமத்தின் மேல் அடுக்கு சுமார் 0.02 மில்லிமீட்டர் தடிமன்தான். இறந்த செல்களும், அவற்றுக்கு இடையே செராமைடு என்ற கொழுப்பும், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது அது. உடம்பின் ஈரத்தை உள்ளேயே வைத்திருப்பதும், கிருமியையும் எரிச்சலூட்டும் பொருட்களையும் வெளியே நிறுத்துவதும் அதன் வேலை. எதை வாங்கினாலும் “இது அந்த மெல்லிய அடுக்கைக் காப்பாற்றுமா, அரிக்குமா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில், உங்கள் சருமம் எப்படிப்பட்டது?

முகத்தை மென்மையாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரம் எதுவும் தடவாமல் விடுங்கள். அப்புறம் கண்ணாடியில் பாருங்கள். முகம் முழுக்க எண்ணெய் மினுமினுத்தால் எண்ணெய்ச் சருமம். இழுத்துப் பிடித்தது போலவோ செதில் செதிலாகவோ இருந்தால் வறண்ட சருமம். நெற்றி, மூக்கு, முகவாய் மட்டும் மினுங்கினால் கலப்புச் சருமம். எதைத் தடவினாலும் எரிகிறது, சிவக்கிறது என்றால் அது எளிதில் பாதிக்கப்படும் சருமம். வாசனை சேர்க்காத பொருட்களாகத் தேர்ந்தெடுங்கள். பருவநிலையும் வயதும் மாறும்போது சருமமும் மாறும். அதனால் அவ்வப்போது மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: கழுவுதல்

இரவில் கழுவுவதுதான் முக்கியம். நாள் முழுக்கச் சேர்ந்த வியர்வை, தூசி, சன்ஸ்கிரீன் எல்லாம் அப்போதுதான் போகும். காலையில் எண்ணெய்ச் சருமக்காரர்கள் ஃபேஸ் வாஷ் போடலாம். வறண்ட சருமத்துக்குத் தண்ணீர் மட்டுமே போதும்.

குளியல் சோப்பை முகத்துக்குப் போடாதீர்கள். சருமத்தின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். அளவு ஏறக்குறைய 5. வழக்கமான சோப்பு 9 முதல் 10 வரை இருக்கும். அந்தக் காரத்தன்மை மேல் அடுக்கின் கொழுப்பையும் சேர்த்து எடுத்துவிடுகிறது. கழுவியதும் முகம் இழுத்துப் பிடித்தால் சுத்தமாகிவிட்டது என்று பலர் மகிழ்கிறார்கள். அந்த ஃபேஸ் வாஷ் உங்களுக்கு அதிகக் கடுமை என்றுதான் அதற்குப் பொருள்.

வெதுவெதுப்பான தண்ணீரில், விரல் நுனியால், அரை நிமிடம் தேய்த்தால் போதும். மூக்கின் ஓரமும் தாடையின் விளிம்பும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைக்கும்போது துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சொரசொரப்பான ஸ்கிரப் வேண்டவே வேண்டாம்.

படி 2: மாய்ஸ்சரைசர்

முகத்தில் ஈரம் லேசாக இருக்கும்போதே தடவுங்கள். கிளிசரின், ஹையலுரானிக் அமிலம் போன்றவை தண்ணீரைப் பிடித்து வைப்பவை. பிடிப்பதற்குத் தண்ணீர் இருந்தால் நல்லதுதானே. டைமெதிகோன், பெட்ரோலாட்டம் போன்றவை மேலே மூடி ஈரத்தைத் தடுத்து வைக்கும். செராமைடு இருந்தால் இன்னும் நல்லது.

எண்ணெய்ச் சருமத்துக்கு ஜெல் அல்லது லோஷன், வறண்ட சருமத்துக்கு கிரீம். “என் முகத்தில்தான் எண்ணெய் வழிகிறதே, மாய்ஸ்சரைசர் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய் வேறு, ஈரம் வேறு. எண்ணெய் வழிகிற முகத்திலும் ஈரம் குறைந்திருக்கலாம். பரு மருந்து போடுபவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும்.

படி 3: சன்ஸ்கிரீன்

மூன்றில் ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்கச் சொல்வேன். தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பது புற ஊதா பி கதிர். புற ஊதா ஏ கதிர் இன்னும் ஆழமாகப் போய், சுருக்கத்தையும் கரும்படலத்தையும் உண்டாக்குகிறது. அது மேகத்தையும் ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் சன்ஸ்கிரீன் தேவைப்படுவது அதனால்தான்.

டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப். எண் முக்கியமாகப் புற ஊதா பி கதிரைப் பற்றியது. எஸ்.பி.எஃப். 30 அதில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 சதவீதத்தை. அதனால் 30-க்கு மேல் எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. புற ஊதா ஏ கதிருக்கும் பாதுகாப்பு உண்டு என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணைவிடப் பெரிய விஷயம், எவ்வளவு போடுகிறோம் என்பது. ஆய்வகத்தில் அந்த எண்ணைக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவுகிறார்கள். நம்மில் பெரும்பாலானோர் அதில் பாதிகூடத் தடவுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். ஒரே தடவையில் தடவ முடியவில்லையென்றால் இரண்டு முறையாகத் தடவுங்கள். காதும் கழுத்தின் பின்புறமும் அடிக்கடி விடுபடும் இடங்கள். வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டு, வெயிலிலேயே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். நீந்தினாலும் நிறைய வியர்த்தாலும் உடனே.

தினமும் போடுவதால் பலன் உண்டா? ஆஸ்திரேலியாவில் நாம்போர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை நடந்த ஆய்வில், ஒரு குழுவினரைத் தினமும் சன்ஸ்கிரீன் போடச் சொன்னார்கள், மற்றவர்களை விருப்பப்படி விட்டார்கள். 2013-இல் வெளியான முடிவின்படி, தினமும் போட்டவர்களின் சருமம் முதுமையடைவது 24 சதவீதம் குறைவாக இருந்தது.

கருத்த சருமத்துக்கு மெலனின் என்ற நிறமி ஓரளவு இயற்கைப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் பரு ஆறிய இடத்தில் விழும் தழும்பு நிறம் கருத்த சருமத்தில்தான் அதிக நாள் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் கருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதைக் கூட்டும் என்பதால், மங்குவோ கருந்திட்டோ உள்ளவர்கள் அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனைத் தேடுங்கள். முகத்தில் வெள்ளையடித்தது போலத் தெரிகிற தொல்லையும் அதில் குறைவு.

எப்படித் தொடங்குவது

மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரு வாரம் இடைவெளி விட்டால், அரிப்போ பருவோ வந்தால் எது காரணம் என்று தெரியும். புதுப் பொருளை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பாருங்கள்.

பொறுமையும் வேண்டும். இளம் வயதில் மேல் தோல் முழுதாகப் புதுப்பிக்கவே சுமார் 4 வாரம் ஆகும், வயது ஏற ஏற இன்னும் கூடுதல். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று பொருளை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் வேலை செய்ய வாய்ப்பே இல்லை. ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அதற்கு மேல் வேண்டுமென்றால்

ஒரு பிரச்சினைக்கு ஒரு பொருள். பருவுக்கு சாலிசிலிக் அமிலம் அல்லது பென்சாயில் பெராக்சைடு; பின்னதில் 2.5 சதவீதமே போதும், துணியில் பட்டால் வெளுத்துவிடும், கவனம். கருந்திட்டுக்கு நியாசினமைடு அல்லது அசெலாயிக் அமிலம். சுருக்கத்துக்கு ரெட்டினால்: இரவில் மட்டும், பட்டாணி அளவு, முதலில் வாரம் இரண்டு நாள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினாலைத் தொட வேண்டாம். சீரம் என்றால் மாய்ஸ்சரைசருக்கு முன்னால் போடுங்கள்.

சில நாளில் நிறம் மாற்றித் தருவதாகச் சொல்லும் கிரீம்களைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். சிலவற்றில் பாதரசம் கண்டறியப்பட்டிருக்கிறது. சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் டியூபில் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் முகத்தில் போடாதீர்கள். முதலில் முகம் தெளிந்தது போலத் தெரியும். நாளடைவில் தோல் மெலிந்து, சிவந்து, நிறுத்தினாலே எரியத் தொடங்கும். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டு வருபவர்கள் திடீரென நிறுத்தாமல், எப்படிக் குறைப்பது என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள்.

மற்றபடி, எதைத் தடவினாலும் எரிகிற நிலை வந்தால் சீரம், மருந்துகளை நிறுத்திவிட்டு, மென்மையான ஃபேஸ் வாஷுக்கும் சாதாரண மாய்ஸ்சரைசருக்கும் திரும்புங்கள். சன்ஸ்கிரீன்கூட எரிந்தால் தொப்பியும் நிழலும் போதும். சில வாரத்தில் தணியவில்லையென்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். வலிக்கிற பெரிய பருக்களுக்கும், வடிவமோ நிறமோ மாறுகிற மச்சத்துக்கும் காத்திருக்கவே வேண்டாம். போகும்போது, பயன்படுத்திய எல்லாப் பொருட்களின் லேபிளையும் படமெடுத்துக்கொண்டு போங்கள்.