சின்னப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மூன்று வருடத்துக்கு முன்னால் கோடை விடுமுறையில் மாமல்லபுரம் போயிருந்தோம். பெரியவர்கள் ஒன்பது பேர், பிள்ளைகள் நான்கு பேர். என் மகளுக்கு அப்போது நாலு வயது. கணுக்கால் அளவுத் தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் போன அலை அவள் குதிகாலுக்கு அடியில் இருந்த மணலையும் அரித்துக்கொண்டு போனது. தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருப்பதற்குள் அடுத்த அலை தலைக்கு மேல் வந்துவிட்டது. அவள் கத்தவே இல்லை. என் அத்தைதான் பாய்ந்து போய் கவுனின் முதுகுப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். நான் ஏழெட்டு அடி தள்ளி நின்று மைத்துனரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துக்கொள்கிறார் என்று நான் நினைத்தேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

கடற்கரையில் நாம் செய்யும் பெரிய தவறு இதுதான். ஆள் நிறைய இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நம்பிவிடுகிறோம். இப்போது எங்கள் வீட்டில் முறை வைத்திருக்கிறோம். கால் மணி நேரத்துக்கு ஒருவர், “இப்போ நான் பார்க்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் போன் பைக்குள் இருக்கும். பிள்ளை தண்ணீரில் கால் வைத்தால் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மூழ்கினால் கத்துவார்கள், கேட்கும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். மூச்சுக்கே திணறும் பிள்ளையால் அம்மாவைக் கூப்பிட முடியாது.

அடுத்த தவறு, அலை இல்லாத இடமாகப் பார்த்துப் பிள்ளையை இறக்குவது. இருபுறமும் அலைகள் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் கொஞ்சம் கறுத்து, அமைதியாகத் தெரிந்தால் அங்கே போகவே போகாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பக் கடலுக்குள் ஓடும் வாய்க்கால் பெரும்பாலும் அதுதான். இந்த இழுப்பில் பெரியவர்கள் சிக்கினாலும் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டு வர முடியாது, களைத்துப் போவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். மெரினாவில் கடலில் குளிக்கக் கூடாது என்று போலீசார் விரட்டுவது காரணமில்லாமல் இல்லை. எந்த ஊர்க் கடலாக இருந்தாலும், கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம், “அண்ணே, இங்க பிள்ளைங்கள இறக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் மணல்வீடு கட்டி விளையாடிவிட்டுத் திரும்புங்கள்.

வானம் தெளிவாக இருக்கிறது, காற்றும் இல்லை என்பதால் கடலும் சாதுவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. தெற்கே இந்தியப் பெருங்கடலில் வெகு தொலைவில் அடிக்கும் புயல்காற்றில் கிளம்பும் அலைகள் சில நாள் கழித்து நம் கரையில் திடீரென்று ஏறும். ‘கள்ளக்கடல்’ என்பது இதைத்தான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போன நேரத்தில் இந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசிய பெருங்கடல் தகவல் சேவை மையம்தான் இதை வெளியிடுகிறது, செய்திகளிலும் வரும். கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

காற்றடைத்த வாத்தும் ரப்பர் டியூபும் குளத்துக்குச் சரி, கடலுக்கு வேண்டாம். முக்கியமாக, கோடையில் விடிகாலையில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்றில் அது பிள்ளையோடு உள்ளே நகர்ந்துவிடும். அப்புறம், நீச்சலுடை வாங்கும்போது வெளிர்நீலம் எடுக்காதீர்கள். தண்ணீருக்குள் அந்த நிறம் கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு நல்லது.

வெயில் விஷயத்தில் நம்மை ஏமாற்றுவது கடல்காற்று. சிலுசிலுவென்று இருப்பதால் உச்சிவெயில் உறைப்பதில்லை, ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சலடிக்கும்போதுதான் தெரியும். காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் 4 மணிக்கு மேல் போங்கள். சன்ஸ்கிரீன் போட்டால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து வந்த பிறகும் மறுபடி போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அதெல்லாம் வேண்டாம், நிழலும் பருத்தித் துணியும் போதும். வெயிலாக இருக்கிறதே என்று அந்த வயதுக் குழந்தைக்குப் பாட்டிமார் தண்ணீர் கொடுக்கப் பார்ப்பார்கள். தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தாலே போதும். பெரிய பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே நீர்மோர் எடுத்துப் போங்கள்.

கரை ஒதுங்கிக் கிடக்கும் நீலநிறச் சொறிமீன் பிள்ளைகளுக்குப் பலூன் மாதிரி தெரியும். செத்துக் கிடந்தாலும் அது கொட்டும். பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் இழைகளை வெறும் கையால் தொடாமல் எடுத்துவிட்டு, கடல் தண்ணீரால் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள்.

மணலில் குழி தோண்டுவதிலும் ஓர் அளவு இருக்கிறது. பிள்ளையின் முழங்காலுக்கு மேல் ஆழம் போக வேண்டாம். ஈரமணல் சரிந்து மூடினால் இழுத்து எடுப்பது லேசில்லை.

காணும் பொங்கலன்று மெரினாவுக்கு வரும் குழந்தைகளின் கையில் போலீசார் செல்போன் எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள். அதை நாமே எல்லா நாளும் செய்யலாம். நான் காரை விட்டு இறங்கும் முன்பே பால்பாயின்ட் பேனாவால் மகளின் முன்கையில் என் எண்ணை எழுதிவிடுவேன், அதன் கீழே அவள் அம்மாவின் எண்ணையும். தண்ணீர் பட்டுப் பட்டு மங்கும், அதனால் பேனா சட்டைப்பையிலேயே இருக்கும்.