பெங்களூருவில் முகவரி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடிகாலையில் மடிவாளாவில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஆட்டோக்காரரிடம் "ஐந்தாவது கிராஸ் போகணும்" என்றால், "எந்த லேஅவுட்?" என்று தமிழிலேயே திருப்பிக் கேட்பார். கேட்காமல் ஏற்றிக்கொண்டால்தான் கவலைப்பட வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: எண்ணை மட்டும் நம்பிப் புறப்படுவது. நீளவாக்கில் போகும் தெரு மெயின், அதைக் குறுக்கே வெட்டுவது கிராஸ். ஏற்பாடு என்னவோ ஒழுங்கானதுதான். ஆனால் நகரம் லேஅவுட் லேஅவுட்டாக வளர்ந்தது. ஒவ்வொன்றும் தன் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கியது. போதாததற்கு, உட்பிரிவின் பெயரும் இடத்துக்கு இடம் மாறும்: கோரமங்களாவில் பிளாக், எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் செக்டர், ஜே.பி. நகரில் ஃபேஸ், பனசங்கரியில் ஸ்டேஜ். '100 அடி ரோடு' என்றால் இந்திராநகரிலும் உண்டு, கோரமங்களாவிலும் உண்டு. 80 அடி ரோடும் அப்படியே.

அதனால் முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள். முதலில் பகுதி, அடுத்து பிளாக்கோ ஸ்டேஜோ, பிறகு மெயின், அதன் பிறகே கிராஸ். இதில் ஒன்று விடுபட்டாலும் வீட்டுக்காரருக்குப் போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. 6-க்கும் 7-க்கும் நடுவே '6ஏ', '6பி' என்று கிராஸ் முளைத்திருக்கும். ஒரு கிராஸ் பூங்காவிலோ ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயிலோ முட்டி நின்று, அந்தப் பக்கம் மறுபடி தொடரும். வண்டி போகாது, சுற்றித்தான் வர வேண்டும். கதவிலக்கம் வரிசையாக வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். பக்கத்தில் உள்ள கோயில், பள்ளி, பேக்கரி ஏதாவது ஒன்றைக் கேட்டு வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

பெயர்ப்பலகை ஏமாற்றும் இடமும் உண்டு. ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் போனால் எச்.ஏ.எல். விமான நிலையம்தான் வரும். 2008 முதல் பயணிகள் விமானங்கள் இறங்குவது முற்றிலும் வேறு திசையில், வடக்கே தேவனஹள்ளிப் பக்கம். விமானத்தைத் தவறவிட இதைவிட எளிய வழி இல்லை.

ஓசூர் வழியாகக் காரில் வருபவர்களுக்கு ஒன்று. எலெக்ட்ரானிக் சிட்டியில் தொடங்கும் உயர்மட்டச் சாலை, சில்க் போர்டு சந்திப்புப் பக்கம் கொண்டுபோய் விட ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓடுகிறது. சுங்கக் கட்டணமும் உண்டு. கூட்லு கேட், சிங்கசந்திரா போக வேண்டியவர் பழக்கதோஷத்தில் மேலே ஏறிவிட்டால், தன் ஊரை மேலிருந்து பார்த்துக்கொண்டே கடந்துபோக வேண்டியதுதான். மேலே ஏறும் பாதை வருவதற்கு முன்பே இடதுபுறம் ஒதுங்கிக் கீழ்ச்சாலையைப் பிடித்துவிடுங்கள். அவுட்டர் ரிங் ரோட்டிலும் இதே கதை. சர்வீஸ் ரோட்டுக்குள் நுழையும் இடைவெளியைத் தவறவிட்டால் அடுத்த இடைவெளி வரை பொறுத்துப் போங்கள். பின்னோக்கி வண்டி எடுக்காதீர்கள்.